சுருங்கச் சொல்லும் படங்கள்

நுழையும்முன்

ஓலையில் எழுதிய காலத்தில் இடமும் உழைப்பும் அரியனவாக இருந்தன. ஆகவே, குறைந்த சொற்களில் நிறைந்த பொருளை அடக்கும் கலையை நம் முன்னோர் வளர்த்தனர். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒவ்வொரு படமும் அத்தகைய சுருக்கத்திற்கு உட்பட்டே நம்மை வந்தடைகிறது. அச்சுருக்கம் எவ்வாறு நிகழ்கிறது, எதை வைத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை அறிந்தவரே அதனைப் பிழையின்றிப் பயன்படுத்த இயலும்.

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த காலம். மாணவி ஒருவர் கல்லூரிச் சேர்க்கைக்காக இணையவழியில் விண்ணப்பம் நிரப்புகிறார். ஒளிப்படம் 50 கிலோபைட்டிற்கு மிகாமலும் மதிப்பெண் சான்றிதழின் படம் 200 கிலோபைட்டிற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்று விண்ணப்பம் கூறுகிறது. அவர் கைப்பேசியில் எடுத்த சான்றிதழ்ப் படமோ 4 மெகாபைட். சுருக்கித் தரும் செயலி ஒன்றில் அதனை இடுகிறார், அளவு குறைகிறது, ஆயினும் போதவில்லை. சுருங்கிய படத்தையே மீண்டும் சுருக்குகிறார். பின்னர் மறுபடியும் சுருக்குகிறார். இறுதியில் விண்ணப்பம் படத்தை ஏற்றுக்கொள்கிறது. மாணவி மனநிறைவோடு வீடு திரும்புகிறார்.

சில நாள்களுக்குப் பின் அறிவிப்பு ஒன்று வருகிறது: ‘சான்றிதழில் பதிவெண் தெளிவாக இல்லை, நாளை மாலைக்குள் மீண்டும் பதிவேற்றுக.’ படத்தை விரித்துப் பார்க்கிறார். மதிப்பெண்கள் மங்கிக் கிடக்கின்றன. 3 என்பதும் 8 என்பதும் ஒன்றுபோல் தோன்றுகின்றன. எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போன்ற கறை. கோப்பின் அளவு குறைந்தபோது அதனுடன் சேர்ந்து மறைந்தது எது? அளவும் குறைந்து, தெளிவும் குன்றாதிருக்க வழியுண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண, முதலில் படம் என்பது கணினிக்கு எவ்வாறு தோன்றுகிறது என அறிதல் வேண்டும்.

எண்களால் ஆன படம்

மார்கழி மாத வாசலில் இடும் புள்ளிக்கோலத்தை நினைவில் கொள்வோம். வரிசை வரிசையாகப் புள்ளிகள் இட்ட பின்பே கோலம் உருப்பெறுகிறது. எண்மப் படமும் அத்தகையதே. அது படப்புள்ளிகள் எனப்படும் நுண்ணிய சதுரங்களின் வரிசை. கோலத்தில் புள்ளி, கோட்டிற்கு வழிகாட்டி நிற்கிறது. எண்மப் படத்திலோ புள்ளிகளே படம். ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்களாகக் குறிக்கப்படுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிநிறங்களும் எந்தெந்த அளவில் கலந்துள்ளன என்பதே அவ்வெண்கள் கூறும் செய்தி. ஒவ்வொரு நிறத்திற்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. மூன்றும் கலக்கும்போது 1,67,77,216 நிறங்களைக் குறிக்க இயலும்.

ஒரு நிறத்தின் அளவைக் குறிக்க ஒரு பைட் தேவை. எனவே, ஒரு படப்புள்ளிக்கு மூன்று பைட்டுகள். கைப்பேசியில் எடுக்கும் படம் ஒன்று கிடைமட்டத்தில் 4000 புள்ளிகளும் செங்குத்தில் 3000 புள்ளிகளும் கொண்டது எனக் கொண்டால், மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் படப்புள்ளிகள். அவற்றை உள்ளவாறே சேமிக்க 3 கோடியே 60 இலட்சம் பைட்டுகள், அதாவது ஏறத்தாழ 36 மெகாபைட் வேண்டும். ஆயினும், நம் கைப்பேசியில் அப்படம் மூன்று அல்லது நான்கு மெகாபைட் அளவிலேயே இருக்கிறது. நாம் எந்தச் செயலியையும் நாடாத முன்னரே, படம் எடுத்த அந்நொடியிலேயே, பத்தில் ஒரு பங்காக அது சுருங்கிவிட்டது என்பதே இதன் பொருள்.

தெரியுமா?
ஒளிப்படத்தைக் கணினியில் முதன்முதலாக எண்களாக்கிப் பதித்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரசல் கிர்ஷ். 1957இல் தம் பச்சிளங் குழந்தையின் படத்தை அவர் அவ்வாறு பதித்தார். அப்படத்தின் அளவு 176 × 176 படப்புள்ளிகள் மட்டுமே.

தொலைவு தந்த நெருக்கடி

சேமிக்கும் இடத்தைக் காட்டிலும் அனுப்பும் நேரமே சுருக்கத்தின் தேவையை உலகுக்கு அழுத்தமாக உணர்த்தியது. 1965ஆம் ஆண்டு மாரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாய்க்கோளின் அருகே பறந்து சென்று படங்களை எடுத்தது. ஒவ்வொரு படமும் 200 × 200 புள்ளிகள். புள்ளி ஒன்றிற்கு 6 பிட்டுகள். ஆக 2,40,000 பிட்டுகள். விண்கலம் நொடிக்கு எட்டு பிட்டுகளுக்குச் சற்று மிகுதியாகவே அனுப்ப வல்லதாக இருந்தது. எனவே, ஒரே ஒரு படம் புவியை வந்தடைய எட்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 1986இல் வாயேஜர் 2 யுரேனஸ் கோளை அடைந்தபோது தொலைவு பன்மடங்காகப் பெருகியிருந்தது. அறிவியலாளர் ஓர் உத்தியைக் கையாண்டனர். ஒவ்வொரு புள்ளியின் ஒளி அளவையும் முழுமையாக அனுப்பாமல், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்புமாறு விண்கலத்தின் கணினியைப் பணித்தனர். எடுத்துக்காட்டாக 152, 153, 153, 154, 156 என்னும் வரிசையை 152, +1, 0, +1, +2 என அனுப்பலாம். பெரிய எண்களைக் காட்டிலும் சிறிய எண்களுக்குக் குறைந்த பிட்டுகளே போதும். புவியில் உள்ளோர் முதல் எண்ணோடு வேறுபாடுகளைக் கூட்டிக் கூட்டி முழுப் படத்தையும் மீட்டுக்கொண்டனர். ஒரு புள்ளியும் இழக்கப்படவில்லை.

இவ்வுத்தி எவ்வாறு இயன்றது? படத்தில் ஒரு புள்ளியும் அதன் அண்டைப் புள்ளியும் பெரும்பாலும் ஒத்தே இருக்கின்றன. நீலவானத்தின் ஒரு புள்ளிக்கு அடுத்த புள்ளியும் நீலமே. அவ்வாறு ஒத்திருப்பதை மீண்டும் மீண்டும் கூறுவது வீண். நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ ஒன்று என நன்னூல் வகுத்துரைப்பதை நாம் அறிவோம். அக்குற்றத்தைக் களைவதே படச்சுருக்கத்தின் முதற்படி.

இழப்பற்ற சுருக்கம்: தொகையும் விரியும்

‘மதுரை சென்றான்’ என்னும் தொடரைப் படிக்கும் எவரும் ‘மதுரைக்குச் சென்றான்’ என்றே பொருள் கொள்கின்றனர். மறைந்து நிற்கும் வேற்றுமை உருபைப் படிப்பவர் தாமே விரித்துக்கொள்கிறார். சொல் சுருங்கினும் பொருள் சுருங்கவில்லை. இழப்பற்ற சுருக்கம் இத்தகைய தொகையே ஆகும். சுருக்கும்போது எதனை நீக்கினோமோ அதனை விரிக்கும்போது முழுமையாக மீட்டெடுக்கலாம்.

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதிய ஒரு வரியை நகலெடுப்பதாகக் கொள்வோம். அவ்வரியின் ஒரு கிடைவரிசையில் வெள்ளை 12, கறுப்பு 5, வெள்ளை 23 எனப் புள்ளிகள் அமைந்துள்ளன. நாற்பது புள்ளிகளையும் தனித்தனியே குறிப்பதற்கு மாறாக, 12, 5, 23 என மூன்று எண்களைக் குறித்தாலே போதும். தொலைநகல் கருவிகள் இம்முறையின் துணைகொண்டே தாள்களைத் தொலைபேசிக் கம்பிவழி அனுப்பின.

மற்றொரு வழி, அடிக்கடி வருவதற்குச் சிறிய குறியீட்டையும் அரிதாக வருவதற்குப் பெரிய குறியீட்டையும் அளித்தல். நூறு புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் வெண்மை 70, சாம்பல் 15, கருமை 10, சிவப்பு 5 என நிறங்கள் அமைந்துள்ளன எனக் கொள்வோம். நான்கு நிறங்களுக்கும் ஒரே நீளமான குறியீடு அளித்தால் ஒவ்வொன்றிற்கும் 2 பிட்டுகள் தேவை. மொத்தம் 200 பிட்டுகள். அதற்கு மாறாக, வெண்மைக்கு 0, சாம்பலுக்கு 10, கருமைக்கு 110, சிவப்புக்கு 111 எனக் குறியிட்டால், 70 + 30 + 30 + 15 என 145 பிட்டுகளிலேயே அதே படம் அடங்கிவிடுகிறது. இக்குறியீடுகளுள் எதுவும் மற்றொன்றின் தொடக்கமாக அமையாமையால், இடைவெளி இன்றித் தொடர்ந்து எழுதினாலும் குழப்பம் நேராது.

தெரிந்து தெளிவோம்
1951இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் இராபர்ட் ஃபானோ, தம் மாணவரிடம் இறுதித் தேர்வு எழுதலாம் அல்லது ஆய்வுக்கட்டுரை ஒன்றை அளிக்கலாம் என்றார். மிகச் சிறந்த குறியீட்டு முறையைக் கண்டறிவது கட்டுரைக்குரிய சிக்கல். பேராசிரியரும் தகவலியலின் தந்தை எனப் போற்றப்பெறும் கிளாட் ஷானனும் முயன்றும் முழுத்தீர்வு காணாத சிக்கல் அது. டேவிட் ஹஃப்மன் என்னும் மாணவர் பல நாள் முயன்று, கைவிட எண்ணியிருந்த நேரத்தில் விடையைக் கண்டார். 1952இல் வெளியான அம்முறை ‘ஹஃப்மன் குறியீடு’ எனப்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டு அம்முறையில் அமைந்ததே.

கண்ணின் இயல்பறிந்த சுருக்கம்

இழப்பற்ற முறைக்கு ஓர் எல்லை உண்டு. மரக்கிளைகளும் மனித முகங்களும் நிறைந்த இயற்கைக் காட்சியில் எந்தப் புள்ளியும் அடுத்ததை முற்றிலும் ஒத்திருப்பதில்லை. அத்தகைய படத்தை இம்முறையில் ஏறத்தாழப் பாதியாகச் சுருக்குவதே அரிது. பத்தில் ஒன்றாகச் சுருக்க வேண்டுமாயின் சிலவற்றை இழந்தே ஆக வேண்டும். எவற்றை இழப்பது? கண் உணராதவற்றை இழப்பதே அறிவுடைமை.

நம் விழித்திரையில் ஒளியின் அளவை உணரும் குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடியும், நிறத்தை உணரும் கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 இலட்சமும் உள்ளன. ஒளி மிகுதி குறைவுகளில் உள்ள நுட்பத்தை நம் கண் கூர்மையாக அறிகிறது. நிறமாற்றத்தின் நுட்பத்தை அவ்வளவு கூர்மையாக அறிவதில்லை. ஆகவே, ‘ஜேபெக்’ என்னும் சுருக்கமுறை முதலில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் பகுப்பை மாற்றி, ஒளிர்வு ஒன்று, நிறச்செய்தி இரண்டு எனப் பகுக்கிறது. ஒளிர்வை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. நிறச்செய்தியை நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாக ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்கிறது. நான்கு புள்ளிகளுக்கு 12 எண்கள் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 4 + 1 + 1 என ஆறு எண்களே போதும். படம் பாதியாகச் சுருங்கிவிட்டது. பார்ப்பவர் கண்ணுக்கோ வேறுபாடு தோன்றவில்லை.

அலைகளாக விரியும் படம்

அடுத்த படியே இம்முறையின் உயிர்நாடி. ஒளிர்வைக் கொண்ட படம், எட்டுக்கு எட்டு என 64 புள்ளிகள் கொண்ட சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் 64 அலைவடிவங்களின் கூட்டாக எழுதலாம் என்கிறது கணிதம். வீணையின் ஓர் ஒலியைப் பல அதிர்வெண்களின் கூட்டாகப் பகுத்தறிவதைப் போன்றதே இது. முதல் வடிவம் கட்டம் முழுமைக்குமான சராசரி ஒளிர்வைக் காட்டும். அடுத்தவை மெல்ல ஏறி இறங்கும் மாற்றங்களைக் காட்டும். இறுதியில் உள்ளவை புள்ளிக்குப் புள்ளி மாறும் நுண்ணிய அசைவுகளைக் காட்டும். இதற்குத் ‘தனித்த கொசைன் உருமாற்றம்’ என்று பெயர்.

இவ்வுருமாற்றத்தைக் கண்டளித்தவர் பெங்களூருவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நசீர் அகமது. 1972இல் இக்கருத்தை ஆராய அவர் நிதியுதவி வேண்டினார். கருத்து மிக எளிதாக இருக்கிறது என்று கூறி அவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. தம் மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து ஆய்வை நிறைவு செய்தார். 1974இல் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. கே. ஆர். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். மிக எளிது என ஒதுக்கப்பட்ட அக்கருத்தே இன்று உலகெங்கும் நாள்தோறும் எடுக்கப்படும் படங்களுக்கும் காணொலிகளுக்கும் அடித்தளமாக விளங்குகிறது.

உருமாற்றத்தால் மட்டும் கோப்பு சுருங்கிவிடாது. 64 புள்ளிகளுக்கு மாற்றாக 64 அலைகளின் அளவுகள் கிடைக்கின்றன, அவ்வளவே. ஆயினும், முன்பு எல்லாப் புள்ளிகளும் ஒத்த மதிப்புடையனவாக இருந்தன. இப்போதோ முதன்மையானவை முன்வரிசையிலும் நுண்ணியவை பின்வரிசையிலும் நிற்கின்றன. எதனைக் காப்பது, எதனை விடுவது எனத் தெரிவு செய்ய வழி பிறந்துவிட்டது.

அத்தெரிவே ‘படிநிலைப்படுத்தல்’. ஒவ்வோர் அலையின் அளவையும் குறிப்பிட்ட ஓர் எண்ணால் வகுத்து, அருகில் உள்ள முழு எண்ணாக்குவர். முன்வரிசை அலைகளைச் சிறிய எண்ணாலும் பின்வரிசை அலைகளைப் பெரிய எண்ணாலும் வகுப்பர். முன்வரிசையில் 83 என்னும் அளவை 16ஆல் வகுத்தால் 5 எனக் கொள்கிறோம்; விரிக்கும்போது 5 × 16 = 80 கிடைக்கிறது. மூன்று மட்டுமே குறைந்தது. கண் அதனை உணராது. பின்வரிசையில் 7 என்னும் அளவை 99ஆல் வகுத்தால் 0 ஆகிவிடுகிறது. அந்நுண்ணிய அலை மறைந்தே போகிறது. பொதுவாக 64 எண்களுள் பெரும்பாலானவை இவ்வாறு சுழியங்களாகின்றன. தொடர்ந்து வரும் சுழியங்களை எண்ணிக் குறித்து, எஞ்சியவற்றிற்கு ஹஃப்மன் குறியீட்டை அளித்தால் சுருக்கம் முற்றுப்பெறுகிறது.

செயலிகளில் ‘தரம்’ என ஓர் அளவுகோல் இருப்பதைக் கண்டிருப்போம். அதனைக் குறைக்கும்போது மேற்கூறிய வகுக்கும் எண்கள் பெரிதாகின்றன. மேலும் பல அலைகள் சுழியமாகின்றன. சுழியமானவை மீண்டு வருவதில்லை. தரத்தைப் பின்னர் உயர்த்திச் சேமித்தாலும் கோப்பின் அளவு பெருகுமேயன்றிப் படத்தின் தெளிவு பெருகாது.

1986இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று கூடி இம்முறைகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. 1992இல் வெளியான அத்தரநிலையே அக்குழுவின் பெயரால் ஜேபெக் என வழங்குகிறது.

குன்றக் கூறலும் அதன் விளைவும்

நூலின் அழகுகளுள் சுருங்கச் சொல்லலை வைத்த நன்னூலார், அதனுடன் விளங்க வைத்தலையும் வைத்தார். அளவிறந்து சுருக்கினால் அது ‘குன்றக் கூறல்’ என்னும் குற்றமாகிவிடும். படங்களிலும் இக்குற்றம் நேர்வதுண்டு.

முகமும் வானமும் மெல்ல மெல்ல மாறும் இயல்பின. அவற்றைச் சில அலைகளே காட்டிவிடும். எழுத்தின் விளிம்போ அத்தகையதன்று. வெண்மையிலிருந்து கருமைக்கு ஒரே புள்ளியில் பாய்கிறது அது. அத்தகைய பாய்ச்சலை உருவாக்க நுண்ணிய அலைகள் பலவும் ஒருங்கே வேண்டும். அவற்றை நீக்கிவிட்டால் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறச் சிற்றலைகள் எஞ்சி நிற்கும். மாணவியின் சான்றிதழில் அழுக்குப்போல் தோன்றியது அதுவே. மேலும், ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே சுருக்கப்படுவதால், சுருக்கம் மிகும்போது கட்டங்களின் எல்லைக்கோடுகள் வெளித்தெரியத் தொடங்கும்.

இக்குறை அமெரிக்காவின் நடுவண் புலனாய்வுத் துறைக்குப் பெருஞ்சிக்கலாயிற்று. கோடிக்கணக்கான கைரேகைகளை எண்மமாக்க அத்துறை முற்பட்டபோது, ஜேபெக் முறையில் மிகுதியாகச் சுருக்கினால் எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் ரேகைகளின் நுண்ணிய முடிவுகளையும் பிரிவுகளையும் சிதைப்பதைக் கண்டனர். ஒருவர் குற்றவாளியா அல்லரா என்பதை முடிவு செய்யும் அடையாளங்கள் அவையே. ஆகவே, கட்டங்களாகப் பிரிக்காத ‘குற்றலை’ முறையில் புதியதொரு தரநிலையை 1993இல் வகுத்துக்கொண்டனர்.

இதனினும் அச்சுறுத்தும் நிகழ்ச்சி 2013இல் ஜெர்மனியில் வெளிப்பட்டது. கணினி அறிஞர் ஒருவர், கட்டட வரைபடம் ஒன்றை அலுவலக நகலெடுக்கும் கருவியில் வருடி எடுத்தார். மூலத்தில் மூன்று அறைகளுக்கு மூன்று வெவ்வேறு பரப்பளவுகள் இருந்தன. நகலிலோ மூன்றுக்கும் ஒரே எண். வேறு தாள்களில் 6 என்பது 8 ஆக மாறியிருந்தது. அக்கருவியின் சுருக்கமுறை, ஒத்த வடிவமுள்ள எழுத்துகளை ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதனையே பதித்துவந்தது. ஏறத்தாழ ஒத்திருந்த எண்களையும் அது ஒன்றெனக் கொண்டுவிட்டது. மங்கலான எழுத்தைக் கண்டால் நாம் ஐயுறுவோம். இங்கோ தவறான எண் தெளிவான வடிவில் நின்றது. ஐயம் எழ இடமில்லாத பிழையே பெரும்பிழை.

நம் ஓலைச்சுவடிகளை எண்மமாக்கும் பணிக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. எனவே, பாடத்தை முடிவு செய்வோர்க்கு ஓலையில் எஞ்சியுள்ள ஒவ்வொரு கீறலும் சான்றாகும். மங்கிய கீறல் ஒன்றை ‘நுண்ணிய அலை’ எனக் கருதிச் சுருக்கமுறை நீக்கிவிட்டால், ஓலையும் காலத்தால் செல்லரித்த பின்பு, அவ்வெழுத்தை மீட்க எவராலும் இயலாது. ஆகவேதான், ஆவணக் காப்பகங்கள் இழப்பற்ற மூலப்படம் ஒன்றைப் பாதுகாப்பில் வைத்து, அதிலிருந்து எடுத்த சுருங்கிய படியைப் படிப்போர் பார்வைக்கு வழங்கும் முறையைக் கடைப்பிடிக்கின்றன.

எப்படத்திற்கு எவ்வடிவம்?

நோய்க்கேற்ற மருந்துபோலப் படத்திற்கேற்ற வடிவம் வேண்டும். மனிதர், இயற்கைக் காட்சி முதலிய ஒளிப்படங்களுக்கு ஜேபெக் ஏற்றது. திரைப்பிடிப்பு, வரைபடம், கையொப்பம், முத்திரை போன்ற கூரிய கோடுகளும் சில நிறங்களும் கொண்டவற்றிற்கு இழப்பற்ற ‘பிஎன்ஜி’ வடிவம் ஏற்றது. அத்தகைய படங்களில் பிஎன்ஜி தெளிவைக் காப்பதுடன், பல வேளைகளில் ஜேபெக்கைக் காட்டிலும் சிறிதாகவும் அமைகிறது. 1987இல் தோன்றிய ‘ஜிஃப்’ 256 நிறங்களையே ஏற்கும். எனவே, ஒளிப்படங்களுக்கு அது பொருந்தாது. அண்மைக் காலத்தில் தோன்றிய ‘வெப்பி’, ‘ஏவிஃப்’ ஆகியவை ஜேபெக்கினும் சிறிய அளவில் ஒத்த தெளிவைத் தருகின்றன. ஆயினும், எல்லா விண்ணப்பங்களும் அவற்றை ஏற்பதில்லை.

முறையறிந்து சுருக்குதல்

இனி, மாணவியின் சிக்கலுக்குத் திரும்புவோம். விண்ணப்பத்திற்குரிய ஒளிப்படத்தை எடுத்துக்கொள்வோம். 36 மெகாபைட் செய்தி கொண்ட படத்தை அதே பரப்பில் 50 கிலோபைட்டாக்க வேண்டுமாயின் 720இல் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அந்நிலையில் முகம் கட்டங்களாகச் சிதறிவிடும்.

ஆனால், விண்ணப்பத்திற்கு அவ்வளவு பெரிய படம் தேவையா? 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட கடவுச்சீட்டு அளவுப் படத்தை, ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் தெளிவில் அச்சிட 413 × 531 படப்புள்ளிகளே போதும். அதாவது, 2,19,303 புள்ளிகள். ஏறத்தாழ 6,58,000 பைட்டுகள். இதனை 50 கிலோபைட்டாக்கப் பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் போதும். ஜேபெக் முறைக்கு அது எளிய வேலை. முகத்தின் தெளிவும் குன்றாது.

ஆகவே, வரிசை முறையே இங்கு இன்றியமையாதது. முதலில், தேவையற்ற பின்புலத்தை வெட்டி நீக்குக. சான்றிதழைப் படம் எடுக்கும்போது மேசையும் தரையும் படத்தில் அடங்கினால், அவற்றிற்கும் சேர்த்தே பைட்டுகள் செலவாகும். இரண்டாவதாக, படப்புள்ளிகளின் எண்ணிக்கையைத் தேவையான அளவிற்குக் குறைத்திடுக. மூன்றாவதாகவே தரத்தின் அளவுகோலைத் தொடுக. அதனையும் சிறிது சிறிதாகக் குறைத்து, கோப்பு உரிய அளவை அடைந்தவுடன் நிறுத்துக. எழுத்துகள் நிறைந்த சான்றிதழாயின் வண்ணத்தை நீக்கிச் சாம்பல் நிறப் படமாக்குவதும் துணைபுரியும். விண்ணப்பம் வண்ணப்படம் கேட்டிருப்பின் அவ்வாறு செய்தலாகாது.

ஒவ்வொரு முயற்சியையும் மூலப்படத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். சுருங்கிய படத்தை மீண்டும் சுருக்குவது, நகலின் நகலை நகலெடுப்பதற்கு ஒப்பானது. ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒன்று இழக்கப்படுகிறது. செய்தி அனுப்பும் செயலிகள் வழியே படத்தை அனுப்பும்போதும் பெரும்பாலும் அது மறுபடியும் சுருக்கப்படுகிறது. எனவே, முதன்மையான சான்றுகளைப் படமாக அனுப்பாமல் ‘ஆவணம்’ என்னும் வகையில் அனுப்புதல் நன்று. இறுதியாக, பதிவேற்றும் முன்னர்ப் படத்தை முழு அளவில் விரித்து, பதிவெண், பெயர், மதிப்பெண் ஆகியவற்றை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்தல் கடமையாகும்.

மாணவி இம்முறையை அறிந்து, மூலச் சான்றிதழின் ஓரங்களை வெட்டி, அளவைக் குறைத்து, ஒரே முறை சுருக்கினார். படம் 180 கிலோபைட்டில் அடங்கியது. பதிவெண்ணின் ஒவ்வோர் எண்ணும் பளிச்சிட்டது. முன்பு மும்முறை சுருக்கியும் கிட்டாத தெளிவு, ஒருமுறை முறையாகச் சுருக்கியதால் கிட்டியது.

எதனை விடலாம் என்பதைத் தேர்வதே சுருக்கத்தின் கலை. அதனைக் கணினி செய்கிறது. ஆனால், எந்தப் படத்தில் எது இழக்கக்கூடாதது என்பதைக் கணினி அறியாது. வானத்தின் நீலமும் சான்றிதழின் எண்ணும் அதற்கு ஒன்றே. நண்பர்க்கு அனுப்பும் சுற்றுலாப் படத்தில் இலையின் நரம்பு மறைந்தால் கேடில்லை. சுவடியின் கீறலும் மாணவியின் பதிவெண்ணும் மறைதலாகாது. அவ்வேறுபாட்டை அறிந்து முடிவெடுக்கும் பொறுப்பு, கருவியைக் கையாளும் மனிதரிடமே இருக்கிறது.

கற்பவை கற்றபின்…

1. ஒரே ஒளிப்படத்தை மூன்று வெவ்வேறு தர அளவுகளில் சேமித்து, கோப்பின் அளவையும் தெளிவையும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் கையொப்பத்தைப் படமெடுத்து ஜேபெக், பிஎன்ஜி ஆகிய இரு வடிவங்களிலும் சேமித்து, எழுத்தின் விளிம்புகளைப் பெரிதாக்கிக் காண்க. கண்ட வேறுபாட்டை வகுப்பறையில் எடுத்துரைக்க.

3. கட்டத்தாளில் தமிழ் எழுத்து ஒன்றைப் புள்ளிகளால் நிரப்பி, ஒவ்வொரு வரிசையையும் எண்களாகச் சுருக்கி எழுதுக. அவ்வெண்களை மட்டும் நண்பரிடம் அளித்து எழுத்தை மீட்கச் செய்க.

4. ‘கூறியது கூறல்’, ‘குன்றக் கூறல்’ ஆகிய குற்றங்களை எண்மப் படச்சுருக்கத்தோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.